கோத்தர் கொள் இசையின் உணர்வியல்பு

நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர் பழங்குடியினரின் கருவியிசையில் முதன்மையானது கொள். இது நாதசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படும் குழல். கொம்பு, தப்பட்டை, உருளை வடிவ மேளங்கள் உடன் ஒலிக்கும். கருவிகளை ஆண்களே இசைப்பர். குழலில் வாசிக்கப்படும் மெட்டுக்கும் கொள் என்றே பெயர். சொல் இல்லாத இம்மெட்டுகளின் உணர்ச்சி எங்கே உள்ளது என்பது இவ்விசையை மதிப்பிடுவதில் அடிப்படையான கேள்வி.

வகைப்பாடு

மெட்டுகள் மூன்று வகைப்படும். தேவ்ர் கொள் தெய்வத்துக்குரியது, தாவ் கொள் சாவுக்குரியது, ஆட் கொள் ஆட்டத்துக்குரியது. இப்பிரிவு சுர அமைப்பை வைத்துச் செய்யப்பட்டதல்ல, மெட்டு ஒலிக்கும் நிகழ்வை வைத்துச் செய்யப்பட்டது. சுரங்களை மட்டும் கேட்கும் வெளியாருக்குத் தெய்வ மெட்டும் சாவு மெட்டும் எளிதில் வேறுபட்டுத் தோன்றுவதில்லை.

ஐரோப்பிய மரபுடன் ஒப்பீடு

ஐரோப்பாவின் பரோக் காலத்தில் இதற்கு நேர்மாறான கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒவ்வொரு சுருதி நிலைக்கும் தனி உணர்ச்சி உண்டு என்று யோகான் மத்தேசன் 1713இல் எழுதினார். எல்லாச் சுருதி நிலைகளிலும் பிரிலூட், ஃபியூக் ஆகியவற்றை இணைகளாக அமைத்த முதல் தொகுப்பை யோகான் செபாஸ்டியன் பாக் 1722இல் நிறைவு செய்தார். அதன் எட்டாவது இணையில், மெதுவாக விரியும் சுர அடுக்குகளால் பிரிலூட் துயரை எழுப்புகிறது. தொடரும் ஃபியூக் ஒரே கருவை மூன்று குரல்களில் தலைகீழாக்கியும் நீட்டியும் அத்துயரை ஆழப்படுத்துகிறது. இறந்தவர் யார் என்று கேட்பவர் அறிய வேண்டியதில்லை. தாவ் கொள்ளில் அந்த அறிவே முதல் தேவை.

சடங்கும் உணர்ச்சியும்

கோத்தர் மரபில் ஈமச்சடங்கு இரண்டு. இறந்தவுடன் நடப்பது பச்சைச் சாவு, பின்னர் பலருக்கும் சேர்த்து நடப்பது வறட்சாவு. அழுகையில் தொடங்கும் துக்கம் வறட்சாவின் முடிவில் ஆட்டத்தோடு களையப்படுகிறது. இசை ஆய்வாளர் ரிச்சர்டு உல்ஃப் தம் கள ஆய்வின் அடிப்படையில் இக்கலப்புணர்ச்சியை விரிவாக விளக்கியுள்ளார். கோத்தரின் இசை, இடம், காலம் பற்றிய அவருடைய நூல் 2005இல் வெளியானது.

மதிப்பீடு

தோடர், படுகர் ஆகியோரின் சாவுகளுக்கும் கோத்தர் முன்பு வாசித்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. அப்பணியை வைத்து இவ்விசையைச் சாவு மேளம் என்று சுருக்குவது இரட்டைப் பிழை. அது தெய்வ மெட்டுகளை மறைக்கிறது. சாவு மெட்டிலும் துயரை மட்டுமே காண்கிறது. ஒலிப்பதிவில் தனித்துக் கேட்கும்போது மெட்டு கிடைக்கிறது, அதைத் துக்கமாக்கும் ஊர் கிடைப்பதில்லை. எனினும் உணர்ச்சி முழுவதையும் சடங்கின் கணக்கில் எழுதுவதும் பொருந்தாது. குழலும் மேளமும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கட்டமைப்பே மெட்டை நினைவில் நிறுத்துகிறது. சில மெட்டுகளுக்கு அவற்றுக்கே உரிய கதைகள் உண்டு. அக்கதைகளை அறிந்தவர் ஒவ்வொரு சாவிலும் முந்தைய சாவுகளையும் சேர்த்தே கேட்கிறார்.