தில்லை மரமும் தேவார வகுப்பும்

தேவாரம் பயிற்றும் வகுப்புகள் சிலவற்றில், பதிகம் ஒன்றை ஓதுவித்து, “இயற்கையே இறைவன், ஆகவே மரங்களை வெட்டற்க” என்று முடித்துவிடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. நோக்கம் நன்று, முறை நன்றன்று.

சம்பந்தர் பதிகங்களில் தலத்துச் சோலையும் வயலும் புனலும் பாட்டுக்குப் பாட்டு வருகின்றன. அவற்றை வெறும் வருணனை என்று முன்பு ஒதுக்கினோர் உண்டு. இக்காலத்தார் ஒதுக்கவில்லை, அறிவுரையைப் பிழிந்தெடுக்கின்றனர். காட்டழிவு பற்றிய இன்றைய கவலை ஏழாம் நூற்றாண்டிற்கு உரியதன்று. அப்பாடல்கள் தருவது கட்டளையன்று, காட்சி.

தில்லையையே எடுத்துக்கொள்ளலாம். அச்சொல்லை நூறு முறை ஓதும் மாணவனிடம், தில்லை எத்தகைய மரம் என்று கேட்டால் விழிக்கிறான். (கேட்பதற்கு ஆசிரியர்க்கும் சற்றுத் துணிவு வேண்டும்!) அஃது உவர்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளர்வது. அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், கண்ணும் கெடும். மலாய்க்காரர் அதனைப் ‘பூத்தா-பூத்தா’ என்பர். பூத்தா என்பதற்குக் குருடு என்பது பொருள். ஆம், அம்மரம் மலேசியக் கண்டற்காடுகளிலும் உண்டு. ஜொகூரில் தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்று கண்டற்காடுகள் 2003-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாகப் பதிவு பெற்றன. அத்தகைய காடு இம்மாநிலத்திலேயே இருக்க, வகுப்பில் படத்தை மட்டும் காட்டுவானேன்?

இதில் கசப்பான செய்தியும் ஒன்றுண்டு. சிதம்பரத்தில் தில்லையே தலமரம். அதற்குப் போற்றுதல் குறைந்ததில்லை. எனினும் ஊர்ப்பெயருக்குக் காரணமான காடு அங்கில்லை. தில்லையைக் காணப் பிச்சாவரத்துக் கழிமுகத்திற்குச் செல்லவேண்டும். மரத்தை வணங்கியோர் காட்டை இழந்தனர். பக்தி தானே காட்டைக் காத்துவிடும் என்று கற்பிப்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இது தொலைவான செய்தியன்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பெற்றன. ஆறு தெய்வம் என்று மட்டும் கற்ற பிள்ளைக்கு, அந்த நஞ்சு எவ்வழியே ஆற்றில் கலந்தது, எவ்வாறு வகுப்பறைவரை வந்தது என்பது விளங்காது.

ஆகவே காவிரியைப் பாடும் பதிகத்தை ஓதுவிக்கும் ஆசிரியர், மறுவாரமே மாணவரைத் தம் ஊர் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாம். அதன் பெயர் என்ன, எங்கே பிறக்கிறது, எந்தக் கால்வாய்கள் அதில் விழுகின்றன, கரையில் நிற்கும் மரங்கள் யாவை என்று எழுதச் செய்யலாம். செம்பனை ஆலையுள்ள தோட்டமாயின், அதன் கழிவுக்குளம் எப்பக்கம் வடிகிறது என்பதையும் அக்குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளட்டும்.