உஷா வந்துபோகும் காட்சி

ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021 ஜனவரியில் மலையாளத்தில் வந்தது. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க ஆர். கண்ணன் அதைத் தமிழில் எடுத்தார். அப்புறம் இந்தியில் ‘மிஸஸ்’. ஊர் மாறியும் கதையில் மாற்றவேண்டியது அதிகம் இருக்கவில்லை. படத்துக்கு அது பாராட்டு, நமக்குக் குட்டு.

மூலப் படத்தின் பலம் பொறுமை. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பரிமாறுவது, ஆண்கள் மென்று மேசையில் போட்ட முருங்கைச் சக்கையை வழித்து அள்ளுவது, மறுபடி காய் நறுக்குவது. தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள் கல்யாணமாகி வந்த நாயகி. மறந்துவிட்டேன் என்கிறான் கணவன். பிறகும் சொல்கிறாள். அவன் நிஜமாகவே மறந்துதான் போகிறான். தன் கை நனையாத ஒழுகல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆணாதிக்கம் என்று ஒருவரும் வாய் திறக்காமலே சொல்லவேண்டியதை அந்தக் குழாய் சொல்லிவிடுகிறது.

மாமனார் இன்னும் நுட்பம். குரலே உயராது. சோறு விறகடுப்பில் வெந்தால் தேவலை, துணியை மெஷினில் போடவேண்டாம் என்பதெல்லாம் கேட்டுக்கொள்வதுபோலத்தான் வரும். மருமகள் வேலைக்குப் போக ஆசைப்படும்போது, தன் மனைவியும் முதுகலை படித்தவள்தான், வீட்டில் இருந்ததால்தான் பிள்ளைகள் நன்றாக வந்தார்கள் என்கிறார். அதட்டினால் எதிர்த்துப் பேசலாம். இந்தக் கனிவை என்ன செய்வது?

சபரிமலை விரதம் வந்ததும் இந்த நுட்பம் தளர்கிறது. தீட்டு, பரிகாரம், கோபம் என்று குற்றவாளிகள் பளிச்சென்று தெரிகிறார்கள். ‘நம்ம வீட்டில் இவ்வளவு மோசமில்லையே’ என்று பார்ப்பவர் நழுவிவிடலாம். அழுக்குத் தண்ணீரை அவள் கணவன், மாமனார் இருவர்மீதும் வீசும்போது கைதட்டத் தோன்றுகிறது. தட்டியதும் அதுவரை உறுத்திய சங்கடம் இறங்கிவிடுகிறது. ஷந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண்ணின் வீட்டுவேலையைக் காட்டும். அதன் முடிவிலும் வன்முறை உண்டு. ஆனால் அதற்குப் பின் அவள் மேசையருகே நிமிடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பாள்; நாமும் எழுந்துபோக முடியாது. இந்தப் படத்தில் கணவனுக்குப் புது மனைவி வந்துவிடும் காட்சி அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

எனக்கு உறுத்தியது வேறு. நாயகி வீட்டுக்குத் தூரமான நாட்களில் சமைக்க உஷா என்ற பெண் வருகிறார். தனக்கு அந்த நாள் வந்தால் வெளியே சொல்வதே இல்லையாம், சொன்னால் பிழைப்பு என்னாவது. படத்தின் கூர்மையான இடம் இதுதான். படமோ அவசரமாகக் கடந்துபோகிறது. தலித் மக்களின் பாளுவ மொழியில் மிருதுளாதேவி எழுதிய பாட்டுக்கு இடம் கொடுத்தவர்கள், கதையில் உஷாவுக்குக் கொடுக்கவில்லை.

இங்கே சென்னைப் பாலவாக்கத்தில், ஈசிஆரை ஒட்டிய அடுக்குமாடிகளில், காலையில் தொட்டியருகே நிற்பவர் பல வீடுகளில் வீட்டுக்காரம்மா அல்ல, நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் அக்கா. கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற அவருக்குக் காப்பி தர ஒரு டம்ளர் ஜன்னலோரம் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதை அங்கே வைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கணவனைப் பாத்திரம் கழுவவைத்த பெண்களும் அதை இடம் மாற்றுவதில்லை. இந்தப் படத்தையே உஷாவின் பக்கமிருந்து எடுத்திருந்தால், மாமனாரோடு மருமகளும் பதில் சொல்லவேண்டியிருக்கும். அவள் கட்சியில் நாம் இவ்வளவு சுலபமாகச் சேர்ந்திருக்கவும் மாட்டோம்.