திருப்தி என்னும் அளவுகோல்

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சேவையை மதிப்பிடப் புகுவோர், நோயாளரிடம் வினாத்தாளை நீட்டித் 'திருப்திதானா?' என்று கேட்பது இன்று உலக வழக்கு. விடை பெரும்பாலும் 'ஆம்' என்றே வருகிறது. அவ்விடையைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. அது எதனை அளக்கிறது என்பதே எமது கேள்வி.

திருப்தி எதிர்பார்ப்பைப் பொறுத்தது. இலவச வைத்தியத்தைத் தருமமாகக் கருதப் பழக்கப்பட்டவன், விடியலில் வந்து வரிசையில் நின்று, மதியம் வைத்தியரை இரண்டு நிமிஷம் கண்டாலும் நன்றியே சொல்வான். அடுத்த மாதமும் அதே கிளினிக்குக்கு வரவேண்டியவனை வாசலில் மறித்துக் கேட்டால் வேறென்ன சொல்வான்? இலங்கையில் 1951இல் ஆஸ்பத்திரிக் கட்டணம் நீக்கப்பட்டது தருமம் அன்று. அதன் பின்னால் 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை நின்றது. 1934-35 மலேரியாப் பேரழிவின் பாடமும் நின்றது. மேலும், வாங்கும் பொருள்தோறும் வரி செலுத்தும் ஏழை, தன் வைத்தியத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்தவனே.

வினாத்தாள் மறைப்பதைக் கால்கள் காட்டிவிடுகின்றன. அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையைக் கடந்து, நோயாளர் பஸ் ஏறிப் போதனா வைத்தியசாலைக்குப் போகின்றனர். அருகில் இரத்தப் பரிசோதனை இல்லை, வேண்டிய மருந்தும் இல்லை. கடன்படக் கூடியவர்களோ காலையில் கண்ட அதே வைத்தியரை மாலையில் தனியார் நிலையத்தில் 'சனல்' செய்கின்றனர். அரச வைத்தியர்க்கு அவ்வுரிமை 1977இல் வழங்கப்பட்டது. நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி தனியார் செலவு என்பதை இத்துடன் வைத்து நோக்குக. 2022 நெருக்கடியில் மருந்துத் துண்டோடு வெளியே அலைந்தவர்களுள்ளும், தாதியின் இன்சொல்லுக்காகத் 'திருப்தி' என்று சொல்லியிருக்கக் கூடியவர் பலர். அத்தாதியின் மேல் எமக்குக் குறையில்லை. போதிய ஆளின்றி உழைப்பவள் அவள்.

வீடு தேடி வரும் குடும்பநல மாதுவின் சேவை வேறு கதை. இந்நாட்டில் தாய்மார் மரணம் குறைந்ததில் அவளுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே திருப்தியைக் கேட்டறிய வேண்டியதில்லை. பிழைத்த உயிர்களை எண்ணலாம்.

ஆகவே கேட்பதானால், ஆஸ்பத்திரி வாசலில் அன்று, வீட்டிலே கேட்க வேண்டும். எம்மருந்தை வெளியே வாங்கினீர்? அதற்கு எதனை அடகு வைத்தீர்? மலையகத் தாயிடம் இன்னொன்றும்: வைத்தியர் உமது நோயைப் பற்றிச் சொன்னது எம்மொழியில்?