வீட்டுப் பூட்டும் மோட்டார் ஸ்விட்சும்

ஏழு வாரமாக மூன்று வெள்ளை டப்பாக்கள் எங்கள் வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று ஹாலில், ஒன்று மாடிப்படித் திருப்பத்தில், ஒன்று மாடி அறையில். வைஃபை 6, இரண்டு அலைவரிசை, மூன்றும் சேர்ந்து ஒரே மெஷ் வலை. மீதி விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே கம்பெனியின் ரூட்டரை இதற்கு முன் இரண்டு முறை வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் சிபாரிசும் செய்தவன் நான். இப்போது திட்டினால் அந்தப் பழைய சிபாரிசுகளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கீழுக்கும் மாடிக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். படுக்கையறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இரண்டுமே ஜென்ம விரோதிகள். பழைய ரூட்டர் காலத்தில் மாடி அறையில் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம். இப்போது மைனஸ் 55. மூன்று டெசிபல் ஏறினாலே சக்தி இரட்டிப்பு என்பதால், இந்த 27 டெசிபல் ஏற்றம் கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு. தளம் இல்லாத ஒரே இடம் படிக்கட்டுத் திறப்புதான் என்பதைக் கண்டுபிடித்து நடு டப்பாவை அங்கே மாட்டியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஒரே ரேடியோவில் போனோடும் பேசி, தலைமை டப்பாவோடும் பேச வேண்டியிருப்பதால் மாடியில் வேகம் பாதியாகிறது. ஈதர்நெட் வயர் இழுத்தால் அந்தப் பாதி திரும்பி வந்துவிடும். அதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில். செயலியில் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு பொத்தான்: டபிள்யூபிஏ3. போட்டால் வீடு முழுக்க டபிள்யூபிஏ3. அணைத்தால் வீடு முழுக்க டபிள்யூபிஏ2. புதுசுக்குப் புதுசு, பழசுக்குப் பழசு என்று இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை தரத்திலேயே உண்டு. எத்தனையோ ரூட்டர்கள் அதைத் தருகின்றன. இந்த டப்பா தரவில்லை.

மாட்டிய அன்றே பெருமையாக டபிள்யூபிஏ3-ஐப் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை குளியலறையிலிருந்து அம்மாவின் குரல்: "டேய், குழாயில காத்துதான்டா வருது!" மொட்டைமாடித் தொட்டி காலி. நான்கு வருடம் முன் வாங்கிய மோட்டார் ஸ்விட்சுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ2-வும் மட்டும்தான் தெரியும். புது வலைக்குள் நுழையத் தெரியாமல் ராத்திரி முழுக்க அது வெளியே நின்றிருக்கிறது. பிரிண்டரும் கூடவே நின்றிருக்கிறது. அது காகிதம் துப்பவில்லை என்று யாரும் சோப்பு நுரையோடு கத்தாததால் எனக்கு உடனே தெரியவில்லை.

பொத்தானை அணைத்தேன். தண்ணீர் வந்தது. ஆக, வங்கிக் கணக்கைத் திறக்கும் போன், ஆபீஸ் லேப்டாப், எல்லாவற்றுக்கும் என்ன பூட்டு என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்தது மோட்டார் ஸ்விட்ச்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல். அதில் போன் ரூட்டரோடு இணையும்போது நடக்கும் 'ஹேண்ட்ஷேக்'கை தெருவில் நிற்பவர் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய், யார் கண்ணிலும் படாமல் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்க்கலாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வசதியைப் பறித்தது: ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரிடமே வந்து கேட்க வேண்டும். சாவி அச்சை எடுத்துப்போய்ப் பட்டறையில் உட்கார்ந்து அராவுவதற்கும், ஒவ்வொரு சாவியாக வாசலில் நின்றே போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். அடுத்த வருடமே டபிள்யூபிஏ3-இலும் ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள், அடைத்தார்கள். ஆனாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், கனெக்‌ஷன் கொடுக்க வருகிற தம்பி "உங்க மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா போட்டுடறேன் சார், மறக்காது" என்பார். நாமும் தலையாட்டுவோம். பத்து இலக்கம் என்பதால் பலமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேம் ஆடுவதற்கென்று விற்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களுக்கு மேல் போட்டுப் பார்க்கும். நாலாயிரம் நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் முடிந்துவிடும்.

"நம்ம வீட்டு வைஃபையைத் திருடி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்பது அப்பாவின் கேள்வி. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். திருட்டுப்போவது டேட்டா மட்டுமல்ல, விலாசமும்தான்.

சரி, பழைய சாமான்களை மட்டும் விருந்தினர் வலையில் தள்ளி, அதற்கு டபிள்யூபிஏ2 வைத்துக்கொள்ளலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். விருந்தினர் வலையும் அதே பொத்தானுக்குத்தான் கட்டுப்படுகிறது. கஸ்டமர் கேரில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புது மோட்டார் ஸ்விட்ச் வாங்கிடுங்க சார்" என்றார். இந்தக் கம்பெனியோடு எனக்கிருந்த பத்து வருட உறவு அந்த நிமிடம் கொஞ்சம் கசந்தது. இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைக்க முடியாது. சேனலையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, 'தானாகவே சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும்' என்கிறது செயலி. எதையும் தொடவிடாத மாமியார் சமையலறை மாதிரி. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு டப்பாவைத்தான் கேட்கக்கூடாது.

மூன்றாவது வாரம் வழி கிடைத்தது, படிக்கட்டுக்கு அடியில். ஃபைபர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பழைய பெட்டியின் வைஃபையை, இனி எதற்கு என்று அணைத்து வைத்திருந்தேன். அதை மறுபடி உயிர்ப்பித்தேன். 2.4 மட்டும், டபிள்யூபிஏ2, சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்த இருபத்துச் சொச்சம் எழுத்துக் கடவுச்சொல். மோட்டாரும் பிரிண்டரும் அங்கே குடியேறின. புது டப்பாக்கள் இந்தப் பெட்டிக்குப் பின்னால், தனி ரூட்டராக இருக்கின்றன. வெளி வலையிலிருக்கும் மோட்டார் ஸ்விட்சை யாராவது பிடித்துவிட்டாலும் அங்கிருந்து உள் வலைக்குள் தாமாக வந்துவிட முடியாது. திண்ணையில் உட்காரலாம், நடைக்கதவு சாத்தியிருக்கிறது. பிரிண்டரைப் போன் தானாகக் கண்டுபிடிக்காது. ஐபி முகவரியை ஒருமுறை தட்டிக் கொடுத்தேன், முடிந்தது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். புது டப்பா 11-இல் போய் உட்கார்ந்திருந்ததால் பழையதை 1-இல் வைத்தேன். புதுசு எப்போது மனம் மாறுமோ தெரியாது.

பிறகு டபிள்யூபிஏ3-ஐப் போட்டேன். இன்றுவரை அணைக்கவில்லை.

வாங்கலாமா? கான்கிரீட் வீடு, மாடியில் சிக்னல் இல்லை என்றால் வாங்கலாம். வாங்குவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி மோட்டார், பிரிண்டர், கேமரா, வாசல் மணி என்று பழைய சாமான்களை எண்ணிவிடுங்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் என்று ஆசை காட்டுவார்கள். ஐந்நூறு ரூபாய்க்காகப் பழைய ரூட்டரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.