வீட்டுக்கல்வி அலமாரியில் தமிழ் எந்தத் தட்டில் இருக்கிறது?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களின் புத்தக அலமாரிகளைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். சிலவற்றை நேரில் பார்த்தேன், மற்றவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தவை. ஊர் வேறு, வருமானம் வேறு, ஆனால் அலமாரி கிட்டத்தட்ட ஒன்றேதான். மேல்தட்டில் பெற்றோர் படிக்கிற கல்வி நூல்கள். நடுவில் ரெண்டு மூணு தட்டு முழுக்க ஆங்கிலக் கதைகள், ஆங்கில அறிவியல். கீழே ஓரமாக ஒரு தெனாலிராமன், ஒரு பஞ்சதந்திரம், படம் போட்ட திருக்குறள். தமிழ் அவ்வளவுதான்.

அவங்க வீட்டு அலமாரி, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் ஒரு நிஜமான இழப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை ஆங்கில வழியில் படித்தாலும் தமிழைத் தொடாமல் தப்ப முடியாது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. நன்றாகச் சொல்லித்தருகிறார்களோ இல்லையோ, எழுத்து கண்ணில் படும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதன் பாடப் பட்டியலில் தமிழ் உண்டு, எடுத்தே ஆகணும்னு இல்லை. ஆக, அந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த அலமாரிதான். அதில் மூணே மூணு புத்தகம் இருந்தால், வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு ஆள் வளர்கிறார்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் சார்லட் மேசனிடமிருந்து. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலேயக் கல்வியாளர். இணையத்தில் வீட்டுக்கல்வி என்று தேடினால் சீக்கிரமே இவர் பெயர் வந்துவிடும். அவர் சொன்னதன் சாரம் இது: தகவல்களைச் சுருக்கித் திணித்த புத்தகம் வேண்டாம், விஷயத்தை நேசித்த ஒருவர் எழுதிய உயிருள்ள புத்தகம் வேண்டும். படித்ததைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல கொள்கை. அதை அவர் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு, அந்த மண்ணின் பறவைகள், பூக்கள், வரலாற்றை வைத்துச் செய்தார். நாம் கொள்கையை விட்டுவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். அடுத்தவன் எழுதிய கோடைப் புரிஞ்சுக்காம காப்பி-பேஸ்ட் பண்ற வேலைதான் இது. ஓடும், ஆனால் நம்ம டேட்டாவுக்கு ஓடாது.

மேல்தட்டில் எப்போதும் இருக்கிற இரண்டு தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று, தெத்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’. மற்றது கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. இரண்டுமே மொழிபெயர்ப்புகள், இரண்டுமே அருமையானவை. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் நூலகம் பற்றிய பகுதி இருக்கிறது. டோட்டோ-சான் படித்த டோமோயி பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெட்டியை நூலகமாக்கி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர் கோபயாஷி. ‘பகல் கனவு’ ஆசிரியரோ, எல்லாரும் ஒரே பாடநூலை வாங்குவதற்குப் பதிலாக அந்தக் காசில் வெவ்வேறு புத்தகங்களை வாங்கி வகுப்புக்கு ஒரு நூலகம் வைக்கிறார். 1930-களில் எழுதிய யோசனை. கிஜுபாய் அடிப்படையில் வழக்கறிஞர், தன் மகனை எப்படி வளர்ப்பது என்று யோசிக்கப் போய்த்தான் கல்விக்கு வந்தவர். அதாவது நம்ம கட்சி.

இந்த இரண்டையும் பெற்றோர் படித்து, கண் கலங்கி, மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தருவதில்லை. எனக்குப் புரியாத விஷயம் இதுதான். ‘டோட்டோ-சான்’ ஒன்பது பத்து வயதுப் பிள்ளை தானே படிக்கக்கூடிய புத்தகம். போலியோ பாதித்த நண்பன் யாசுவாகி-சானை அவள் மரமேற்றுகிற பகுதியும், பின்னால் அவன் இறந்துபோகிற பகுதியும் சாவைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுகின்றன. நீதிக்கதைத் தொகுப்பு எதுவும் செய்யாத வேலை அது.

நான் வைத்திருக்கும் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, வாய்விட்டு வாசிப்பது. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறுகிற இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தூங்கிய இடம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவிறக்கலாம், அச்சிடலாம், திருத்தியும் வெளியிடலாம். ஆனால் தரம் ஒரே மாதிரி இல்லை. சில கதைகளில் வாக்கியம் தமிழ் எழுத்தில் இருக்கிறது, நடை ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டதை ஒதுக்கத் தேவையில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து ‘இதை நம்ம வீட்ல எப்படிச் சொல்லுவோம்?’ என்று கேட்டு மாற்றி எழுதுங்கள். உரிமமே அதை அனுமதிக்கிறது. பாட்டு வேண்டுமென்றால் அழ. வள்ளியப்பா இருக்கவே இருக்கிறார். 2010-ல் பால சாகித்திய விருது பெற்ற ம.இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’யும் உண்டு. இரண்டு பேருமே ஓசையை நம்பி எழுதியவர்கள், இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடுவார்கள்.

இரண்டாவது, வெளியே போய்ச் சரிபார்க்க முடிவது. எங்க ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ‘மயிலாடும்பாறை’ என்று தேடினால் 4200 ஆண்டுப் பழமையான இரும்பு என்று வரும். 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்த செய்தி அது. ஆனால் அந்த மயிலாடும்பாறை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் இருப்பது தேனி மாவட்டம், மூல வைகைக் கரை. எங்கள் ஆண்டிபட்டி வட்டாரத்துக்கு என்று தனிப் பெருமை வேறு உண்டு. 2006-ல் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ‘எந்த மயிலாடும்பாறை?’ என்று கேட்கப் பழகிய பிள்ளை எந்தப் புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. அதனால் அலமாரியில் கதைக்கு முன்னால் ஒரு நல்ல மாவட்ட வரைபடம் வையுங்கள்.

அதே தட்டில் க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதியது. மேகமலைப் பக்கம் இருந்துகொண்டு ஆங்கிலப் புத்தகத்தில் ராபின் பறவையைப் படித்துக்கொண்டிருப்பதை விட, வாசலில் வந்து உட்காருகிற பறவைக்குத் தமிழ்ப் பெயர் தெரிவது பெரிய விஷயம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல், 2023-ல் பால சாகித்திய விருது பெற்றது. எங்க ஊரைத் தாண்டிப் போகிற அதே ஆறுதான் கீழே கீழடிப் பக்கமும் போகிறது. வரைபடத்தை விரித்து ஆற்றோடு விரலை நகர்த்திக்கொண்டே படிக்கலாம்.

மூன்றாவது, சண்டை போட இடம் கொடுப்பது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 10 தொகுதிகளாக வந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1968-ல் தொடங்கி 1970-களில் முடிந்த வேலை. ‘பழசாச்சே, தப்பா இருக்குமே’ என்று கேட்பார்கள். ஆமாம், தேனி மாவட்டமே அப்போது கிடையாது, மதுரைக்குள் இருந்தது. புளூட்டோவும் கோள்தான், அதைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006-ல். அதனால்தான் வையுங்கள் என்கிறேன். எது மாறியது, ஏன் மாறியது என்று பென்சிலால் ஓரத்தில் குறிக்கிற பிள்ளைக்கு, அறிவு என்பது திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிற ஒன்று என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

14 வயதுக்கு மேல் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. 2003-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். 1959-ல் திறந்த வைகை அணைக்காக ஊர் இழந்தவர்களின் கதை. இதை நான் சேர்க்கக் காரணம் விருது இல்லை. நம்ம பக்கத்துப் பேச்சு அச்சில் இருக்கிறது. பிள்ளை வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவோ அப்பத்தாவோ ‘அப்படி இல்லப்பா, இப்படித்தான் சொல்லுவோம்’ என்று குறுக்கே வர முடியும். ஆங்கிலத் தட்டு எத்தனை நீளம் இருந்தாலும் அந்த மூன்றாவது ஆளை உள்ளே கூப்பிடாது.

ஓட்டை எங்கே?

பட்டியல் போடுகிறவர் ஓட்டையையும் சொல்லணும். 9 முதல் 13 வயதுக்கான தமிழ் அபுனைவு மெலிந்துதான் கிடக்கிறது. நல்ல கதைகள் வருகின்றன. ஆனால் எந்திரம் எப்படி ஓடுகிறது, காய்ச்சல் ஏன் வருகிறது, ரூபாய்க்கு மதிப்பு எப்படி வந்தது என்று சொல்லும் புத்தகம் தேடினால் கை வலிக்கும். ‘தமிழில் இல்லையே’ என்று பெற்றோர் சொல்வதில் பாதி நியாயம் இருப்பது இந்த வயதில்தான். இப்போதைக்கு எனக்குத் தெரிந்த ஒட்டு வேலை இரண்டு. ஒன்று, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ இதழ். இன்னொன்று, வீட்டுக்கல்விக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அரசுப் பாடநூல். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் நூல்களைத் தேர்வுக்காக இல்லாமல் சும்மா புரட்டிப் படிக்க வைத்துப் பாருங்கள். பரீட்சையை எடுத்துவிட்டால் பாடநூலும் ஒரு புத்தகம்தான்.

‘எதிர்காலம் ஆங்கிலத்தில்தானே?’ என்று கட்டாயம் கேட்பார்கள். நானும் ஆங்கிலத்தில் கோடு எழுதித்தான் சோறு தின்கிறேன். ஆங்கிலம் போனில் வருகிறது, வீடியோவில் வருகிறது, வேலையில் வந்தே தீரும். அதற்கு ஆயிரம் வாசல். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் வர ஒரே வாசல்தான். புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் மேல்தட்டிலிருந்து டோட்டோ-சானை இறக்கி, பிள்ளையின் கை எட்டுகிற தட்டில் வைத்துப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.