எது சத்தம்?

ஒரு சாவு வீட்டின் வீடியோவை எடிட் செய்து தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இறந்தவர் பறையடித்துப் பிழைத்த பெரியவர். அவருக்காக அவருடைய கூட்டாளிகள் அடித்திருந்தார்கள். 'சத்தம் அதிகமா கீது, ஒப்பாரி தெளிவா கேக்கணும்' என்றார் மூத்த மகன். கணினியில் இரைச்சல் நீக்கியைப் போட்டேன். அவ்வளவுதான், பறை போய்விட்டது.

'இன்னா தம்பி, மோளத்தயே காணோம்?'

'சத்தத்த எடுக்கச் சொன்னீங்களேண்ணா.'

'அதுவா சத்தம்?'

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, ஒடுகத்தூரில் கல்யாணம் கருமாதி வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற எனக்கு, கோட்பாட்டு நூல்களில் கிடைக்காத கேள்வி இது.

மென்பொருளுக்குச் சாதி தெரியாது என்பார்கள். தெரியாதுதான். மனிதப் பேச்சைக் காப்பாற்று, மற்றதைக் கழித்துவிடு என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பேச்சு மையம், மற்றதெல்லாம் கழிவு என்கிற இந்த வடிவமைப்பு, பறையைச் 'சத்தம்' என்று ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய காதோடு எவ்வளவு சுலபமாக ஒத்துப்போய்விடுகிறது! யாரும் திட்டமிடாமலேயே விலக்கு நடந்துவிடுகிறது என்பதுதான் பயங்கரம்.

மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1983இல் 'மிடி' என்ற பொதுமொழி வந்தது. அதை ஒட்டி 1991இல் 'ஜெனரல் மிடி' என்றொரு பட்டியல். மொத்தம் 128 ஒலிகள். தாளத்துக்குத் தனியாக 47. சித்தாருக்கும் ஷெனாய்க்கும் இடம் உண்டு. ஹெலிகாப்டர், கைதட்டல், துப்பாக்கி வெடிக்குக்கூட உண்டு. பறை இல்லை, தவில் இல்லை, மிருதங்கமும் இல்லை. நிலையான சுரமே அங்கே இயல்பு. நம் கமகம் அதற்கு ஒரு 'வளைவு', அதாவது இயல்பிலிருந்து விலகல். அடியின் வேகத்துக்கு 127 படிகள். பறையில் ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. நெருப்பில் காய்ச்சிய தோல் ஆற ஆற ஒலி தளரும், திரும்பக் காய்ச்சணும். இந்தத் தளர்ச்சியை எந்தப் படியில் எழுதுவது?

நம்மிடமும் ஒரு பட்டியல் இருந்தது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று மரபு நீள்கிறது. நிலம் மாறினால் ஒலி மாறும் என்பது அதன் தர்க்கம். சவ்வாது மலையடிவாரத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கும் ஆசைதான். ஆனால் இலக்கணத்தில் இடம் கொடுத்த சமூகம்தான் தெருவில் இடம் மறுத்தது. பட்டியலில் சேர்ப்பதே விடுதலை ஆகிவிடாது.

தூய்மைவாதிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது, 1971இல்தான் தளர்த்தியது. கமகத்துக்காக அவ்வளவு கவலைப்பட்ட காதுகள் பறைக்காக எப்போதாவது கவலைப்பட்டதுண்டா? இயந்திரத்துக்கு எதிரான எல்லாக் குரலும் நம் குரல் அல்ல.

தொண்ணூறுகளில் தலித் இயக்கங்களில் சிலர் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றார்கள். வேறு சிலர் அதே பறையை மேடைக்கு எடுத்துப்போனார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடித்தார்கள். மறுப்பு, மீட்பு என்ற இரண்டிலும் எங்கே, யாருக்காக அடிப்பது என்பதை அடிக்கிறவரே முடிவு செய்தார். இன்று பறையின் ஒலித்துணுக்குகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒரு விசையைத் தட்டினால் பறை கேட்கும். தோல் வேண்டாம், நெருப்பு வேண்டாம், அடிக்கிற ஆளும் வேண்டாம். மறுக்க ஆளில்லாத இடத்தில் மீட்பு என்று எதைச் சொல்வது? ஒலி உள்ளே வந்து மனிதர் வெளியே நிற்பது புதிய தீண்டாமை இல்லையா?

அந்த வீடியோவில் இரைச்சல் நீக்கியை எடுத்துவிட்டேன். ஒப்பாரி பாதி மூழ்கியது. மகன் கடைசிவரை கேட்டார். 'இப்பதான் சாவு வூடு மாரி கீது' என்றார். அவர் காதுக்கு ஏற்ற கருவியை யார் வடிவமைப்பது? நாம் பேசவேண்டியது இதைத்தான்.