முழங்கை உயரத்தில் ஒரு தட்டு

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடிக்க ஐந்து விசை தட்ட வேண்டும். மூன்றாவது, புள்ளி. ஆங்கில அரைப்புள்ளி இருக்கும் விசை அது. வலது சுண்டுவிரலின் பொறுப்பு. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. கல்யாணப் பத்திரிகை, சங்கக் கடிதம், பள்ளிக்கூட வினாத்தாள் என்று வட்டவளையில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்பவள் நான். போன வருடம் முதலில் வலித்தது அந்தச் சுண்டுவிரல். பிறகு மணிக்கட்டு, அப்புறம் தோள்.

குற்றவாளி மேசை. 30 அங்குல உயரம்; சாப்பிடவும் தம்பி படிக்கவும் செய்தது. எங்கள் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி அளந்தால் தரையிலிருந்து 26 அங்குலம். கீபோர்ட் ஒரு அங்குலத் தடிப்பு. ஆக, விரல் வேலை செய்த இடம் முழங்கைக்கு ஐந்து அங்குலம் மேலே. நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி இருந்திருக்கிறேன். பேனா பிடித்து எழுதத்தான் இந்த உயரம் சரி. தட்டச்சு இயந்திரக் காலத்தில் அதற்கென்றே 26, 27 அங்குலத்தில் தனி மேசை செய்தார்கள். கணினி வந்ததும் அந்த மேசை போய்விட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். கதிரையில் தலையணை போட்டு உயர்ந்து, காலுக்கடியில் இரண்டு செங்கல். தலையணை மத்தியானத்துக்குள் அமுங்கிவிடும். கெட்டியான மெத்தை இருப்பவர்கள் இதையே முதலில் செய்து பாருங்கள், கீபோர்ட் தட்டே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்த வழி, கீபோர்டை மேசைக்குக் கீழே இறக்கி வைக்கும் தட்டு. கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. மேசையின் அடியில் ஸ்க்ரூ முடுக்கி ரெயிலில் இழுப்பது ஒன்று. மேசை விளிம்பில் கிளாம்ப் வைத்து இறுக்குவது இன்னொன்று. உயரத்தையும் சாய்வையும் மாற்றக்கூடிய இரும்புக் கையோடு வருவது மூன்றாவது. அதன் விலைக்கு நான் மேசையே வாங்கிவிடுவேன். நான் இணையத்தில் வரவழைத்தது கிளாம்ப் வகை; அதிலும் பலகை ரெயிலில் இழுபடும். பலகை 26 அங்குல அகலம். மேசையின் மேற்பரப்பிலிருந்து ஐந்து அங்குலம் இறங்கித் தொங்கும். மே மாதம் பூட்டினேன், செப்டம்பர் வரை தினமும் அடித்தேன்.

பூட்டும்போதே முதல் சிக்கல். படத்தில் காட்டும் மேசை வெறும் பலகையும் காலும்தான். நம் ஊர் மேசையிலோ பலகைக்குக் கீழே முன்பக்கமாக ஒரு சட்டம் ஓடும். கிளாம்பின் வாய் அதில் இடிக்கிறது. கடைசியில் தச்சர் பாஸைக் கூப்பிட்டுச் சட்டத்தில் இரண்டு இடத்தில் வெட்டுக் கொடுத்தோம். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா தங்கச்சி இவ்வளவு காசு குடுத்தீங்க? ஒரு பலகையில நானே அடிச்சுத் தந்திருப்பேனே." வாங்குவதற்கு முன் மேசைக்கு அடியில் ஒரு முறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

உயரம் சரியாக விழுந்தது. தட்டு 25 அங்குலத்தில், விசைகள் 26இல். தொடைக்கும் தட்டுக்கும் இடையில் இரண்டு விரல் போகும். முதல் வாரத்திலேயே தோள் இறங்கியது. மணிக்கட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. கீபோர்டின் பின்பக்கத்தில் இருக்கும் குட்டிக் கால்களை நிமிர்த்தி வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அது கையை மேல்நோக்கி முறிக்கிறது. அவற்றை மடக்கிவிட்டேன். பிறகு, பழைய ரப்பர் செருப்பில் அரை அங்குலத் துண்டு வெட்டி, கீபோர்டின் நம் பக்க விளிம்புக்கு அடியில் ஒட்டினேன். கீபோர்ட் லேசாக அப்பால் சரிந்தது, மணிக்கட்டு நேராகிவிட்டது. விலையுயர்ந்த தட்டுகளில் இருக்கும் சாய்வு வசதி இதுதான்.

அகலம்தான் அடுத்த பாடம். இலக்கப் பகுதியோடு வரும் கீபோர்ட் ஏறக்குறைய 18 அங்குலம். மிச்சத்தில் மவுஸ் நெருக்கியடித்துத்தான் ஓடுகிறது. கீபோர்டைத் தட்டின் நடுவில் வைத்தால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். வலது கை கோணலாக எட்டும். என் சுண்டுவிரல் வலியில் பாதி இதனால் வந்தது. ஆங்கில 'பி' விசை தொப்புளுக்கு நேரே வரும்படி கீபோர்டை நகர்த்துங்கள். எண்கள் அதிகம் அடிக்காதவர்கள் இலக்கப் பகுதி இல்லாத கீபோர்ட் வாங்குவது நல்லது.

முழுதாக இழுத்து வேகமாக அடித்தால் தட்டு ஆடுகிறது, வலது ஓரத்தில் அதிகம். இரண்டு அங்குலம் உள்ளே தள்ளினால் அடங்கும்.

இனி மழை. இலங்கையில் அதிகம் நனையும் ஊர்களில் வட்டவளை ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, கொழும்பைப் போல இரண்டு மடங்கு. தென்மேல் பருவக்காற்று மாதங்களில் அலுமாரிக்குள் இருக்கும் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். தட்டு தூள் அழுத்திய பலகை. மேலே பளபளப்பு, அடியில் ஸ்க்ரூத் துளைகள் திறந்த வாய். ஜூலையில் அந்தத் துளைகளைச் சுற்றிப் பலகை ரஸ்க் மாதிரி உப்பியது. ரெயில் துருப்பிடித்துக் கரகரத்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் ரெயில் ஓடியது, உப்பிய பலகை திரும்பவில்லை. பூட்டும் முன்பே துளைகளிலும் விளிம்பிலும் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும்.

இடமும் ஒரு செலவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் தட்டை இழுத்தால் கதிரை கட்டிலில் முட்டுகிறது. நான் பின்னால் போனதால் திரையும் தூரமாகிவிட்டது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன். தம்பி என்னைவிட எட்டு அங்குலம் உயரம், அவன் உட்கார்ந்தால் தொடை தட்டில் இடிக்கும். அவன் படிக்கும்போது தட்டு உள்ளே போகும். மலையில் வேலை முடித்து வரும் அம்மா சாயத்தண்ணிக் கோப்பை வைக்க மட்டும் அதை வெளியே இழுப்பார்.

தினமும் மூன்று நான்கு மணி நேரம் அடிப்பவர், மேசையை மாற்ற முடியாதவர், அந்த மேசையைப் பெரும்பாலும் தான் மட்டுமே பாவிப்பவர்: இவர்கள் வாங்கலாம். மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவருக்கு வேண்டாம். தனிக் கீபோர்ட் இல்லாமல் தட்டில் வைத்தால் திரையும் சேர்ந்து இறங்கி, தோள் வலி கழுத்துக்குப் போகும். ஒரே மேசையை இரண்டு பேர் பகிர்ந்தால் உயரம் மாறும் வகைதான் சரி.

என் தட்டின் பலகை அடுத்த மழைக்குத் தாங்காது. தச்சர் பாஸிடம் டர்பன்டைன் பலகையில் ஒன்று சொல்லியிருக்கிறேன்: அகலம் 28 அங்குலம், ரெயில் இல்லை, இரண்டு பக்கமும் வார்னிஷ். உயரம் எவ்வளவு என்று கேட்டார். கதிரையைக் கொண்டுவந்து போட்டு, உட்கார்ந்து, கையை மடக்கிக் காட்டினேன். முழங்கைக்கு ஒரு அங்குலம் கீழே பென்சிலால் மேசைக் காலில் கோடு போட்டுக்கொண்டு போனார்.